அக்கா தானே போட்டுக்கொண்ட வளையல்

எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். இன்னொருத்தியின் துயரத்தை எழுத எனக்கு என்ன தகுதி என்று தயக்கமாகத்தான் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அவளை நினைத்தாலே, ஆடிப்பூரக் கூட்டத்தில் வெடுக்கென்று பின்வாங்கிய ஒரு கைதான் முதலில் கண்ணில் நிற்கிறது.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் நாங்கள் அடுத்தடுத்த மிஷினில் கோனில் நூல் சுற்றினோம். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அத்தனை இரைச்சலிலும் மேஸ்திரியைப் போலப் பேசிக்காட்டுவாள். நூல் அறுந்தது தெரியாமல் சிரிப்போம். வீட்டுக்கு வந்துபோகும் சொந்தக்காரன் ஒருவன், ஆளில்லாத ஒரு பகலில் அவளைப் பலவந்தம் செய்தான். பெரியவர்கள் கூடி, அவனுக்கே கட்டிவைத்தால் ஊர்ப்பேச்சு அடங்கும் என்றார்கள். உள்ளே இருந்தவள் வாசலுக்கு வந்து, "அவனுக்குச் சோறு வடிக்கவா நான் உசுரோட கெடக்கேன்?" என்று கேட்டாள். கூட்டம் கலைந்தது. அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். அவள்தான் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அவள் மிஷினில் வேறொரு பெண் நின்றாள். நல்ல பெண்தான். ஆனாலும் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் என் மனம் ஏமாந்துபோகும்.

ஞாயிறுதோறும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆறுதல் சொல்லத் தெரியாது. மில் கதை சொல்வேன். இன்னும் வேலைக்கு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம் என்று ஒருநாள் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடிப்பூரத்துக்குக் கெஞ்சித்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன். தேரடியில் வளையல் கடை. எங்கள் பக்கம் கடைக்காரரேதான் கையைப் பிடித்து, விரல்களைக் குவித்து வளையல் ஏற்றிவிடுவார். அக்காவும் பழக்கத்தில் நீட்டிவிட்டாள். அவர் தொட்டதும் கையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.  கடைக்காரரான அந்த வயதான பாய், வளையல்களை அவள் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"நீயே போட்டுக்க தாயி. ஆனா மொத ரெண்டு ஒடையும்."

"ஒடையாது பாய்."

இரண்டு உடைந்தன. மூன்றாவதும் உடைந்தது.

"நாந்தான் கம்மியாச் சொல்லிட்டேன்" என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். "ஏட்டி, என்ன பாக்க? இதப் பிடி" என்று பையை என்னிடம் தள்ளிவிட்டு, கடைசி வளையல் ஏறும்வரை விடவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பின்னால் ஆண்கள் நடந்து வந்தால், ஓரமாக நின்று அவர்களை முன்னே போகவிட்டுத்தான் நடப்பாள். பல வருஷம் அப்படித்தான். பிறகு கல்யாணமாகிப் போனவள், இப்போது எங்கோ தொலைவில் மகள் வீட்டில் இருக்கிறாள், கடுதாசியும் நின்றுவிட்டது. மேஸ்திரி குரலில் ஒருதரம் என்னைத் திட்டமாட்டாளா என்று இருக்கிறது.

அந்த ஆடிப்பூரத்துக்கு மறுநாள் அவள் முதல் ஷிப்டுக்கு வந்தாள். வேறு வரிசையில் மிஷின் கொடுத்தார்கள்.