மூன்றாவது கதிரை

தனியாகப் பிள்ளை வளர்க்கும் எனக்கு, மலிவான வெளிநாட்டுப் பயணம் என்றால் மலேசிய மச்சாள் வீட்டில் தங்குவதுதான். செய்தி பரவியதும் எங்கள் ஊர் புங்குடுதீவே திரண்டு, அங்கேயுள்ள சொந்தக்காரருக்கென்று மிளகாய்த்தூளும் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலும் கொண்டுவந்து எங்கள் பெட்டியை நிரப்பியது.

மகள் நீச்சலுடுப்போடு நின்றாள். "அம்மா, இதை எங்கை வைக்கிறது? அங்கையும் எல்லாரும் அப்பா எங்கையெண்டுதானே கேப்பினம்? எங்கட ஆக்கள் இல்லாத நாடொண்டும் இல்லையோ?"

அந்தக் கேள்விக்குப் பயந்து நானே எத்தனை கலியாணவீடுகளைத் தவிர்த்திருக்கிறேன்! மலேசியா வேண்டாமென்று தூளைத் திருப்பிக் கொடுத்தேன். மச்சாள் கோபித்தாள்.

வியட்நாமில் மலிவான அறை எடுத்தோம். கடற்கரைச் சாப்பாட்டுக்கடைக்காரி இரண்டு விரலைக் காட்டி, இரண்டு பேரா என்று சைகையால் கேட்டாள்.

"ஓம், ரெண்டு பேர்!" என்றாள் மகள்.

இரண்டு கோப்பை சூப் வந்தது. வேறு கேள்வி வரவில்லை. எங்கள் மேசையில் காலியாக இருந்த மூன்றாவது கதிரையில் மகள் ஈர நீச்சலுடுப்பைக் காயப்போட்டாள். அப்படியொரு கதிரைக்கு இவ்வளவு நல்ல உபயோகம் இருப்பது எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாமல் போய்விட்டது.