ரீஸ்டார்ட் அக்காவின் சதவீதம்

“அணைச்சுப் போட்டீங்களா, இல்ல வழக்கம்போல ‘அப்புறம்’னு அமுக்கிட்டீங்களா?”

மருத்துவமனை வரவேற்பு மேசைப் பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள். அப்புறம்தான். “மாத்திரையை வாங்கி அலமாரியில வெச்சா காய்ச்சல் இறங்கிடுமா?” என்கிறார் அக்கா. கணினிக்கான புதுப்பிப்பு வந்து இறங்கிவிட்டது. அணைத்துப் போட்டால்தான் அது வேலை செய்யும். திரை இருண்டு மறுபடி வெளுக்கும்வரை அந்த இடத்தை விட்டு அவர் நகர மாட்டார்.

ரீஸ்டார்ட் அக்கா என்பது ஊழியர்கள் வைத்த பெயர். மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் சாவிக்கொத்து, காலில் சத்தமே போடாத செருப்பு. அந்தச் செருப்பின் மேல்தான் எல்லோருக்கும் கடுப்பு. ஆள் வருவதே தெரிவதில்லை. வீட்டிலும் இதே கதை. கணவர் கைப்பேசியை வைத்துவிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் அது ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும். “நல்லவேளை, எனக்குப் பட்டன் இல்லை” என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார்.

எந்தக் கணினி புதுப்பித்துக்கொண்டது, எது டிமிக்கி கொடுக்கிறது என்று மாதக் கடைசியில் அறிக்கை கொடுப்பது அக்காவின் வேலை. ஒவ்வொரு கணினியும் தன் நிலவரத்தைத் தானே அனுப்பும். புதுப்பித்தது பச்சை, புதுப்பிக்காதது சிவப்பு. மாதம் முழுக்க வாயே திறக்காததைக் கணக்கிலிருந்து அந்த மென்பொருள் கழித்துவிடும்.

இந்த மாதம் தொண்ணூற்றெட்டு சதவீதம் பச்சை. மேலாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாள் இயக்குநர் வருகிறார் என்பதால், தன் அறைக்கு வெளியே இருக்கும் வெள்ளைப் பலகையில் 98 என்று அவரே பெரிதாக எழுதிவைத்தார். அக்காவுக்கோ அந்த எண் மேலேயே சந்தேகம். மேலாளரிடமே போய்ச் சொன்னார்.

“ஏறினா நல்லதுதானேம்மா?”

“ஏறலை சார். சிலதைக் காணோம். வராத பிள்ளைங்க பேரை அடிச்சுட்டா, வகுப்புல எல்லாரும் வந்த மாதிரிதான் தெரியும்.”

மேலாளர் குரலை உயர்த்தவில்லை. “உங்க ஒப்பந்தம் இந்த மாசம்தானே முடியுது? நான்தானே கையெழுத்துப் போடணும்?” என்று மட்டும் கேட்டார்.

அக்காவுக்குப் பயமாகத்தான் இருந்தது. மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம். பாதிக் குடும்பம் அவர் சம்பளத்தில் ஓடுகிறது. ஆனாலும் கால் சும்மா இருக்கவில்லை, காணாமல் போன கணினிகளைத் தேடி மாடியேறிவிட்டது.

ஸ்கேன் பிரிவில் எல்லாக் கணினிகளும் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. நெட்வொர்க் ஒயர்களை மட்டும் யாரோ உருவி, அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

“நான்தான்க்கா” என்றாள் நர்ஸ். “நடு ஸ்கேன்ல வந்து ‘இப்பவே ரீஸ்டார்ட் பண்ணு’ன்னு நிக்குது. ஒரு அம்மா குழந்தை அசையறதைப் பார்த்துட்டு இருந்தாங்க. திரை பட்டுன்னு போயிடுச்சு. குழந்தைக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு ஓன்னு அழுதுட்டாங்க. அதான் உருவிட்டேன். பக்கத்து ரூமுக்கும் சொல்லிக் குடுத்தேன்.”

“அப்ப படமெல்லாம் டாக்டருக்கு எப்படிப் போகுது?”

“பென்டிரைவ்லதான். ஊர் உலகமெல்லாம் சுத்திட்டு வருது.”

புதுப்பிக்காத கணினி, ஊர் சுற்றின பென்டிரைவ்; வைரஸ் புக வேறென்ன வேண்டும்? திட்ட வாயெடுத்தவர் மூடிக்கொண்டார். ‘அப்புறம்’ என்ற பொத்தானையே எடுத்துவிட்டு, உடனே ரீஸ்டார்ட் என்று போன மாதம் கட்டாயமாக்கியது சாட்சாத் அவர்தான். நினைக்க வெட்கமாக இருந்தது.

“ஸ்கேன் ரூம் மூடினப்புறம் வர்ற மாதிரி மாத்திடறேன். ஒயரை மட்டும் உருவாத, என் தங்கமே” என்று சொல்லி, ஒவ்வொன்றாக அவரே மாட்டினார். விட்டுப்போன புதுப்பிப்புகள் எல்லாம் ஏறிப் பச்சையாவதற்கு எப்படியும் ஒரு வாரம் ஆகும். இயக்குநரோ நாளைக்கே வருகிறார்.

கீழே வந்தார். காணாமல் போனவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தொண்ணூற்றொன்றுதான் தேறியது. பலகையில் இருந்ததை உள்ளங்கையால் அழித்துவிட்டு, 91 என்று எழுதினார்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேலாளர் வேகமாக வந்துகொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்த்தார். பிறகு பலகைப் பக்கம் திரும்பி, அதே எண்ணின் மேல் பேனாவை வைத்து, இன்னொரு முறை அழுத்தித் தடிமனாக்கினார்.