படுக்கையறைச் சுவரில் காலி பாட்டில்கள்

சிவகாசியில் எங்கள் படுக்கையறைக்கும் பக்கத்து அச்சகத்துக்கும் நடுவில் ஒரே சுவர். காலண்டர் சீசனில் அங்கே மெஷின் பகல் முழுக்க ஒரே சுருதியில் முனகும். என் கணவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு வேலை முடித்து வந்து பகலில்தான் தூங்க வேண்டும். காதில் பஞ்சு வைத்தும் தலையைச் சுற்றித் தலையணையைக் கட்டியும் பார்த்தார், பலனில்லை.

நான் பள்ளியில் இயற்பியல் டீச்சர். பாட்டில் வாயில் ஊதினால் ஒரு சத்தம் வருமே, அதே சுருதியில் வெளியிலிருந்து ஒலி வந்தால் பாட்டிலின் கழுத்துக் காற்று உள்ளும் புறமும் ஆடத் தொடங்கும். வந்த ஒலியில் பெரும்பங்கு அந்த ஆட்டத்திலேயே செலவாகிவிடும். சுவர் நிறையப் பாட்டில்களை அடுக்கினால் முனகல் அடங்கும் என்று கணக்குப் போட்டேன்.

பழைய பேப்பர் கடைக்காரர் சின்ன பாட்டில்களை எடுத்துக் காட்டினார்.

"இது ஆகாது அண்ணாச்சி. ஃபுல் பாட்டில்தான் வேணும். இருநூறு."

"வீட்ல ஏதும் விசேசமா டீச்சர்?" என்றார், குரலைத் தாழ்த்தி.

சனிக்கிழமை நானும் கணவரும் ஒவ்வொன்றாக ஊதி, மெஷினோடு சுருதி சேர்பவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அப்போது பார்த்து எங்கள் சபைப் போதகர் வந்து நின்றார். என் வாயில் ஒரு பிராந்தி பாட்டில், கணவர் வாயில் ஒன்று.

"ஜெபம் பண்ணுவோமா டீச்சரம்மா?"

"ஐயா, இது இயற்பியல்."

"என்ன பேரா இருந்தாலும் கர்த்தர் விடுவிப்பாரும்மா."

விளக்கிச் சொல்லி ஒரு பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து ஊதினார். முகம் மலர்ந்தது. "அந்தா அதையும் குடுங்க," என்று வரிசையாக நாலைந்து ஊதினார்.

பலகை அடித்துப் பாட்டில்களை அடுக்கியதும் முனகல் பெருமளவு அடங்கியது. ஆனால் மற்ற சுருதிகளைப் பாட்டில்கள் தொடவே இல்லை. முனகலில் அமுங்கிக் கிடந்த பேச்செல்லாம் இப்போது தெளிவாகக் கேட்டது. பைண்டிங் பிரிவுப் பெண்ணுக்கு எத்தனை மாப்பிள்ளை பார்த்தார்கள் என்று கணவர் எனக்கு விவரம் சொன்னார். அதைக் கேட்டபடியே தூங்கியும் போனார்.

போதகருக்கு ஆசை வந்துவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவித்தார்: "நம்ம கோயில் ஜெனரேட்டர் சத்தத்தக் கொறைக்கக் காலி பிராந்தி பாட்டில் வேணும். வீட்ல இருக்கவுக கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கள் காலை எங்கள் வீட்டு கேட்டைத் திறந்தால் வெளியே ஏழு சாக்குகள். ஒன்றில் சபைச் செயலாளரின் பருப்பு மில் பெயர் அச்சடித்திருந்தது. யாரும் பார்ப்பதற்குள் அதை உள்ளே இழுத்துப் போட்டேன்.

இப்போது பிரசங்கம் கடைசி பெஞ்சு வரை தெளிவாகக் கேட்கிறது. அங்கே வழக்கமாகத் தூங்குகிறவர்கள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.