டிரான்சிஸ்டரில் பூத்த திருநீறு

சித்தப்பா தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருக்க வேண்டும். பாட்டு நின்றால் கையும் நின்றுவிடும் என்பார். ஒரு புரட்டாசியில் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தார். சித்தி அந்தப் பெட்டியை அவர் படத்துக்குக் கீழே வைத்து, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். உள்ளே கிடந்த பேட்டரி செல்கள் அவர் கையால் போட்டவை.

மாசியில் பெட்டியின் மூடி இடுக்கில் வெள்ளைப் பொடி பூத்தது.

"பாருடி, உங்க சித்தப்பா துன்னூறு அனுப்பிக்கினு இருக்காரு" என்று சித்தி அதை எடுத்து என் நெற்றியில் இட்டாள். எங்கோ ஒரு வீட்டில் சாமி படத்திலிருந்து திருநீறு கொட்டுகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம். எங்கள் தெருப் பெண்களுக்குக் கேட்கவா வேண்டும்? ஆளுக்கொரு சிட்டிகை வாங்கிப் பூசிக்கொண்டார்கள். எவ்வளவு சுரண்டினாலும் சில நாளில் மறுபடி பூத்து நிற்கும்.

ஆளில்லாத பிற்பகல்களில் பெட்டிக்குள்ளிருந்து சுர்ரென்று மெல்லிய சத்தம் வரும். ஒருநாள் காதை வைத்துக் கேட்டேன். யாரோ பேச வாயெடுத்துவிட்டுத் தயங்குவதுபோல் இருந்தது. சட்டென்று தலையை இழுத்துக்கொண்டேன். சித்தியோ அதன் எதிரில் உட்கார்ந்து, அன்று வைத்த குழம்பு வரைக்கும் ஒப்பிப்பாள். நடுவில் நிறுத்திக் காத்திருப்பாள். பிறகு, பதில் கிடைத்தவள்போல் சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

அப்பா ரேடியோ கடையில் விசாரித்துவிட்டு வந்தார். செல் ஒழுகிப் பெட்டி கெட்டுப்போனால் செல் கம்பெனியே வேறு பெட்டி கொடுக்குமாம். துடைக்காமல், செல்லோடு அப்படியே காட்ட வேண்டுமாம்.

கம்பெனி ஆள் வந்து மூடியைத் திறந்ததும் ஒரு நெடி மூக்கில் ஏறியது. செல்கள் ஊதி வெடித்துக் கிடந்தன.

"யாராவது சுரண்டினீங்களா? கை வெச்சிருந்தா குடுக்க மாட்டாங்க."

"யாரும் கிட்டவே போவலபா" என்றார் அப்பா. வேடிக்கை பார்க்க வந்திருந்த அத்தனை பெண்களின் நெற்றியிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. அந்த ஆள் என் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையிலிருந்து விண்ணப்பப் பாரத்தை எடுத்து எழுதினார்.

பெட்டி வாங்கிய ரசீது சித்தப்பா பெயரில் இருந்ததால் சித்திதான் கையெழுத்துப் போட வேண்டும். கணவனின் அண்ணன் எதிரில் வந்து நிற்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதனால் பாரத்தையும் பேனாவையும் நான்தான் சமையலறைக்குக் கொண்டுபோனேன்.

"படி" என்றாள் சித்தி.

பள்ளியில் வாசிப்பதுபோல் உரக்கப் படித்தேன்: 'மேற்படி பெட்டியில் காணப்படும் பொடி செல் ஒழுகியதால் உண்டானது. வேறு காரணம் எதுவும் இல்லை.'

"இன்னொரு தபா படி."

படித்தேன். சித்தி பேனாவை வாங்காமல் நின்றாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது.

"போடு சித்தி, புதுசு வரும், பாட்டு கேக்கலாம்" என்று நான் அவசரப்படுத்தினேன். போட்டாள்.

பழையதை அவர்கள் எடுத்துப்போனார்கள். இரண்டு மாதம் கழித்துப் புதுப் பெட்டி வந்தது. வீடு முழுக்கப் பாட்டு. சித்தி மட்டும் கேட்க வரவில்லை.

"சித்தி, இந்தப் பெட்டியில சித்தப்பா வருவாரா?"

"எப்டிம்மா வருவாரு? இல்லேன்னு நான்தான் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேனே."

பழைய பெட்டியைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நினைத்து, அவளுக்கும் கேட்கட்டும் என்று பாட்டை இன்னும் சத்தமாக வைத்தேன்.