மேகத்துக்குள் போகிறவளின் அக்கா

"மேகத்த ஓட்டிக்கிட்டுப் போறதுக்கு அது என்ன உங்க வீட்டு எருமையா நஞ்சம்மா?"

பாகலூர் மளிகைக் கடை வாசலில் தில்ஷாத் போட்ட சத்தத்தில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. நஞ்சம்மா மட்டும் அசையவில்லை. அவளுடைய தக்காளித் தோட்டம் காய்ந்து கிடந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவில், நேற்றும் கொட்டித் தீர்த்திருந்தது.

"நானா சொல்றேன்? ஊரே சொல்லுது. உன் தங்கச்சி ப்ளேனு சுத்திட்டுப் போச்சு, மேகமெல்லாம் அந்தாண்ட போயிடுச்சு."

"அவ மேகத்துக்குள்ள போயி சூடு எவ்ளோ, ஈரம் எவ்ளோன்னு பாக்குறவ. ஜொரம் பாக்குற நர்சு ஜொரத்தயும் தூக்கிட்டுப் போயிடுவாளா? அந்த ப்ளேனு வந்த அன்னிக்கி கௌசரு எங்க வீட்ல பூண்டு உரிச்சிக்கிட்டு இருந்தா. தெரியுமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தில்ஷாத் ஜெயித்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினாள். ஆனால் பாதி வழியிலேயே அவளுக்கு வயிறு எரிந்தது. தங்கைக்காக ஊரோடு மல்லுக்கட்டுவது அவள். பேர் வாங்குவது கௌசர்.

அவர்களுடைய அத்தா பஷீர் அஹமது ஓசூரில் லாரிக்குத் தார்ப்பாய் விற்றவர். சின்னவள் வானத்தையே பார்க்கிறாள் என்று அவளை விமானம் ஓட்டப் படிக்க அனுப்பினார். பெரியவள் மண்ணைப் பார்த்தாள், ரோஜாத் தோட்டம் அவள் தலையில் விழுந்தது. அத்தா போன பிறகு வீடும் அவள் தலையில்தான்.

கௌசர் முதலில் சரக்கு விமானம் ஓட்டினாள். பிறகு வானிலை ஆராய்ச்சிக்காரர்களிடம் சேர்ந்தாள். மற்ற பைலட்டுகள் கருமேகத்தைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார்கள். அவளுக்கு வேலையே உள்ளே நுழைவதுதான். பின்னால் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கருவிகளை வைத்திருப்பார்கள். விமானம் உலுக்கிப் போடும். அந்த உலுக்கலிலும் ஒரே உயரத்தில், ஒரே நேராக அவள் ஓட்ட வேண்டும். வெளியே வந்து மூச்சு விடுவதற்குள், "மேடம், இன்னொரு தடவை, கொஞ்சம் கீழே" என்பார்கள். திருப்பிக்கொண்டு மறுபடியும் நுழைவாள். இறங்கிய பிறகு அவள் விரல்கள் விரிய நேரமாகும்.

தில்ஷாத்தின் விரல்களில் முள் குத்தாத இடம் கிடையாது. அதை யார் கேட்டார்கள்? வானத்தில் எந்த விமானம் இரைந்தாலும் அம்மா ஜைபா தட்டில் சோற்றை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடுவாள். முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, கையேந்திக் கௌசருக்காக துஆ கேட்பாள். அது பெங்களூரிலிருந்து துபாய் போகிற விமானமாகக்கூட இருக்கும். பூக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு தினமும் லாரிகளுக்கு நடுவே மார்க்கெட்டுக்குப் போகிற தில்ஷாத்துக்காக அம்மா வாசலுக்கு வந்ததே இல்லை.

இந்த முறை லீவில் வந்த கௌசரை, இரண்டு வருஷத்துக்கு மேற்குக் கடற்கரையில் தங்கிப் பருவமழைக்குள் பறக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா கையை விரித்துவிட்டாள். "உங்கக்கா போன்னு சொன்னா போ."

தில்ஷாத் வேண்டாம் என்ற ஒரு வார்த்தையை நாக்கில் வைத்துக்கொண்டே திரிந்தாள். அது இனிக்கவும் செய்தது.

மறுநாள் கௌசர் ரோஜாக் குடிலுக்குள் வந்தாள். மேலே வெள்ளை ஷீட், சுற்றிலும் வெள்ளை.

"மேகத்துக்குள்ளயும் இப்பிடித்தான்க்கா இருக்கும். எதுவும் தெரியாது. ஆனா இங்க நீ வளத்தது இருக்குது. நான் நொழஞ்ச மேகம் திரும்பிப் பாக்குறப்ப இருக்காது. உன்னப் பாத்தா பொறாமயா இருக்குது, போ."

"பொறாமயா? உனக்கா?" தில்ஷாத் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அம்மா உன் பக்கத்துலயே இருக்குதில்ல."

தில்ஷாத்துக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும். பக்கத்தில் இருக்கிற அம்மா எந்த நேரமும் மேலேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல வந்தவள், கத்தரியை எடுத்து அடுத்த காம்பை வெட்டினாள்.

அன்று மத்தியானம் அம்மா மீன் துண்டில் முள்ளை எடுத்து எடுத்துக் கௌசர் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்காரிக்கு! தில்ஷாத் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவள் போகாவிட்டால் இது தினமும் நடக்குமே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கில் இருந்த வார்த்தை திரும்பிக்கொண்டது.

"போடி," என்றாள். "நல்லாப் போ. ஆனா ப்ளேன நம்மூட்டு மேல கொண்டாந்துடாத. அம்மா சாப்புடாம ஓடுது."

கௌசர் எச்சில் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

கிளம்பிய காலையில் தில்ஷாத் பூக்கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு ஸ்கூட்டியை வாசலுக்குக் கொண்டுவந்தாள். ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள்தான் கொண்டுபோய் விட வேண்டும். கௌசர் பையோடு படி தாண்டினாள். எதிர் வீட்டிலிருந்து நஞ்சம்மா கூப்பிட்டாள்: "கௌசரு, போற வழில ஒரு மேகத்த இந்தாண்ட தட்டி விடும்மா!"

"உன் எருமய அனுப்பு, ஓட்டிக்கிட்டு வரட்டும்," என்றாள் தில்ஷாத், தங்கை வாயைத் திறப்பதற்குள்.

பின்னால் அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கையை ஏந்தினாள்.

"இன்னும் ப்ளேனுல ஏறவே இல்ல, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியா?" என்று எரிந்து விழுந்தாள் தில்ஷாத்.

"அவளுக்கு அப்பறம் கேட்டுக்குவேன்," என்றாள் அம்மா. "இது உனக்குடி. ஹைவேல பாத்து ஓட்டு."

தில்ஷாத் சாவியைத் திருப்பினாள். கௌசர் ஏறிக்கொண்டு அக்காவின் இடுப்பைப் பிடித்தாள். வண்டி தெருமுனை தாண்டும்வரை தில்ஷாத்தின் கண் சாலையில் இல்லை. கண்ணாடியில், வாசலில் நின்ற அம்மாவின் மேலேயே இருந்தது.