பெயரில்லாத தீவுக்காரர்: லா ஷோ-து-ஃபோனில் ஒரு சனிக்கிழமை

2017 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, சுவிஸில் நான் இருக்கும் சூக்கிலிருந்து லா ஷோ-து-ஃபோனுக்குப் போனேன். அங்குள்ள சிறிய படக்கழகம் ஒன்று பழைய ஜப்பானிய இராட்சத விலங்குப் படங்களைத் திரையிட்டது. படத்துக்கு முன் பேச என் மகள் யாழினியை அழைத்திருந்தார்கள். அவள் நெஷாத்தலில் ஆசிரியை. எதற்கும் என்னை அதிகம் கூப்பிடாதவள், "நீங்களும் வாங்கோ அப்பா" என்றாள். ஒரு கிழமைக்கு முன்பே ரயில் நேரங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

காலை 9.01க்குப் புறப்பட்டேன். சூரிச்சிலும் பீலிலும் மாறவேண்டும். பீலில் மாறுவதற்கு ஏழு நிமிடம். என் முழங்காலுக்கு அது காணுமோ என்று முதல்நாள் முழுக்க யோசித்தேன், காணும். கீழே மழை, ஆயிரம் மீற்றர் உயரத்திலுள்ள அந்த ஊரில் பனி. அரைக்கட்டண அட்டையுடன் போகவர ஏறக்குறைய எழுபது பிராங்க். நிலையத்திலிருந்து மண்டபம் பன்னிரண்டு நிமிட நடை. வீதிகள் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் நேரானவை. என்னைப்போன்ற பயந்த ஆளும் தொலையமாட்டான்.

இரண்டு மணிக்கு யாழினி பேசினாள். ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். அந்தப் படங்களில் வரும் தென்கடல் தீவு மக்களைப் பற்றியே பேசினாள். உடம்பில் கபில நிற மை பூசிய ஜப்பானிய நடிகர்கள் அவர்களாக ஆடுகிறார்கள், கும்பிடுகிறார்கள், ஓடுகிறார்கள். "இராட்சத விலங்குக்குக்கூடப் பெயர் இருக்கிறது, இவர்களுக்கு இல்லை" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். இவை பிள்ளைகளுக்கான படங்கள், இதனால் யாருக்கு நொந்தது என்று மரியாதையாகத்தான் கேட்டார். யாழினி என் பக்கம் திரும்பினாள். "என் அப்பா யாழ்ப்பாணத்தில் இப்படியொரு படம் பார்த்தவர். அப்பா, செல்வத்தின்ர கதையைச் சொல்லுங்கோ."

செல்வம் என் வகுப்பில் படித்த கறுத்த பையன். படம் பார்த்த மறுநாள், "இவனுக்கு மை தேவையில்லை" என்று ஒருவன் சொல்ல, வகுப்பே அவனைச் சுற்றி அந்தத் தீவு நடனம் ஆடியது. அந்தத் தவணையோடு அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். யாழினிக்கு இவ்வளவும் தெரியும்.

நான் எழுந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில், "எல்லாம் நல்லம். சந்தோசமாகப் பார்த்தோம்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். பெரியவர் கைகளை விரித்துச் சிரித்தார். சபையும் சிரித்தது. யாழினி தாள்களை அடுக்கினாள்.

நிலையத்துக்கு நடக்கையில் கேட்டாள்: "வீட்டில சொன்னது பொய்யோ?"

"உண்மை, பிள்ளை."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"மை தேவையில்லை எண்டு முதல்ல சொன்னவன் நான்தான்."

அவள் நடையை நிறுத்தினாள். "மூண்டாம் வகுப்பில பெற்றோர் சந்திப்பு ஞாபகம் இருக்கோ? என்னை நிறத்துக்காக ஆரும் பகிடி பண்ணுறாங்களோ எண்டு டீச்சர் கேட்டவ. நான் பக்கத்தில இருந்தனான். நீங்கள் 'எல்லாம் நல்லம்' எண்டீங்கள்."

"அவையளுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு..."

"ஓம். எனக்குத்தான் குடுத்தீங்கள்."

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதைக் கேட்டாலும் நல்லம் என்று சொல்லி இந்த நாட்டில் முப்பது வருடம் கழித்தவன் நான். அதைப் பணிவு என்று நினைத்திருந்தேன்.

அவளுடைய ரயில் முதலில் வந்தது. "கவனமாப் போங்கோ" என்றாள்.

போக விரும்புவோருக்கு: பனிக்காலத்தில் பிடிப்புள்ள சப்பாத்து அவசியம். மண்டபத்துக்குப் பக்கத்தில் மதியச் சாப்பாடு இருபத்திரண்டு பிராங்க், கட்டிக்கொண்டு போவது நல்லது. பேச்சு பிரெஞ்சில்தான்.

நான் சொல்லவேண்டியிருந்ததை அகராதி வைத்துப் பிரெஞ்சில் ஒரு பக்கம் எழுதி, முதல் வரியிலேயே என் குற்றத்தைப் போட்டு, கழகத்துக்கு அனுப்பினேன், பிரதி யாழினிக்கு. கழகம் நன்றி சொல்லி எழுதியது. யாழினியிடமிருந்து ஒரு சொல் வந்தது: "வாசிச்சன்."