கருவாட்டுக் காவலில் ஒரு விரிவுரை

கொரோனாவால் பல்கலைக்கழகத்தைப் பூட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பியிருந்த காலம் அது. நான் முதலாம் வருடம். வளாகத்தில் இரண்டு கிழமைகூட முழுதாக இருக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டுக்கு வந்துவிட்டேன். விரிவுரைகள் எல்லாம் தொலைபேசிக்கு மாறின. எங்கள் வீட்டுக்குள் கவரேஜ் கிடையாது. கடற்கரையில் கருவாடு காயப்போடும் இடத்தில் மட்டும் நன்றாக இருக்கும். அம்மாவுக்கு இது வசதியாகப் போய்விட்டது. "அங்கதானே இருக்கப்போறாய், காகத்தையும் பாத்துக்கொள்" என்று ஒரு தடியைக் கையில் தந்துவிட்டார்.

ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் தடி. அப்படித்தான் நான் புள்ளிவிபரவியல் படித்தேன். படித்தேன் என்பது பொய். இருநூற்று அறுபது பேர் உள்ள வகுப்பு அது. எல்லாருடைய கமராவும் மூடியிருக்கும். பாடம் எடுக்கும் சேர் ஆங்கிலத்தில் மளமளவென்று சொல்லிக்கொண்டே போவார். கேள்வி ஏதும் உண்டா என்பார். ஒரு சத்தமும் இராது. அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவார். மற்ற எல்லாருக்கும் விளங்குகிறது, மண்டையில் ஒன்றும் ஏறாதவள் நான் ஒருத்திதான் என்று நினைத்து எனக்குச் சோறே இறங்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கம்பஸ் போனவள் நான். ஆறாவது கிழமை, படிப்பை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம்.

சேரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவ்வளவு பேரின் வரவையும் எடுக்க நேரம் காணாது என்பதால், இடையிடையே ஏதாவது ஒரு பதிவு இலக்கத்தைக் கூப்பிடுவார். ஆள் பதில் சொல்லவேண்டும். அந்தக் கிழமை ஒருநாள் என் இலக்கம் வந்தது. மைக்கைத் திறந்து, இருக்கிறேன் என்றேன். அந்த நேரம் பார்த்து நாலைந்து காகங்கள் மீன்மேல் இறங்கின. தொலைபேசியை மீன்பெட்டியின் மேல் வைத்துவிட்டு, காகம் காகம் என்று கத்திக்கொண்டு தடியோடு ஓடினேன். மைக்கை மூட மறந்துவிட்டேன்.

திரும்பி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். மீன் பரப்பிக்கொண்டிருந்த சின்னம்மா, "என்ன பிள்ளை, படிப்பு விளங்குதே?" என்று கேட்டார். அம்மாவிடம் சொல்ல முடியாததையெல்லாம் அவரிடம் கொட்டினேன்.

"ஒண்டும் விளங்கேல்லை சின்னம்மா. முதல் நாளிலயிருந்தே விளங்கேல்லை. இந்தச் சேர் ஆருக்குப் படிப்பிக்கிறார் எண்டே தெரியேல்லை. நான் விடப்போறன். அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தால், சேரின் குரலைக் காணவில்லை. மைக் திறந்தபடியே கிடந்தது. இருநூற்று அறுபது பேரும் கேட்டிருக்கிறார்கள்! தொலைபேசியைக் கடலில் எறிந்துவிடலாமா என்றிருந்தது.

அப்போது திரையின் ஓரத்தில் யாரோ ஒருவர் எழுதினார், எனக்கும் விளங்கவில்லை என்று. அடுத்து இன்னொருவர். பிறகு வாசித்து முடிக்க முடியாத வேகத்தில் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. இத்தனை பேரும் இவ்வளவு நாளும் என்னைப்போலவே தனியாக இருந்து பயந்திருக்கிறார்கள்.

சேர் முதல்தடவையாகத் தமிழில், "பிள்ளை, காகம் போயிட்டுதோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர்."

"அப்ப முதலாம் பாடத்திலயிருந்து வருவம்" என்றார்.

அன்று பாடத்தில் மூழ்கிக் காகத்தை அடியோடு மறந்துவிட்டேன். பின்னேரம் அம்மா ஏசிய ஏச்சு தனிக்கதை. ஆனால் படிப்பை விடும் கதையை நான் பிறகு எடுக்கவில்லை. சின்னம்மாவும் வாய் திறக்கவில்லை.

வளாகம் திறந்தபோது சேரை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "ஆறு கிழமையா கறுப்புக் கட்டங்களுக்குத்தான் படிப்பிச்சனான் பிள்ளை. அங்கால ஆரும் இருக்கினமோ எண்டே தெரியாது. விட்டுப்போட்டுப் போவமோ எண்டு நானும் யோசிச்சனான்" என்றார்.

இப்போது நானும் முந்நூறு பேர் நிறைந்த மண்டபத்தில் உதவி விரிவுரையாளராக நிற்கிறேன். விளங்குகிறதா என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். நான் நம்புவதில்லை. காகக் கதையைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். சிரிப்பு அடங்கியபின் கடைசி வரிசையில் ஒரு கை தயங்கித் தயங்கி உயரும்போது, அன்று நான் மைக்கை மூட மறந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொள்வேன்.